படகு போன தடத்தில் சத்தம் போகாது

தொண்ணூற்றொன்றாம் வருஷம் நான் கடலுக்காக வேலை பார்த்தேன். ஆனால் வேலை பார்த்த இடத்திலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் பஸ் மாறி பஸ் மாறி அரை நாளைத் தொலைக்க வேண்டும். ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில், வேலிக்காத்தான் புதருக்கும் ஒரு வேர்க்கடலைக் கொல்லைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிய ஒரு சிமெண்ட் தொட்டி. ஒரு லாரியை அப்படியே இறக்கி மூழ்கடிக்கலாம், அவ்வளவு பெரியது. அந்தத் தொட்டிக்கு நான்தான் எல்லாம். படிப்பு எம்.எஸ்ஸி. இயற்பியல், வயது இருபத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் அந்தக் காலத்தில் எதிரே இருப்பவர் "ஐயோ பாவம்" என்று பார்ப்பார். அதனால் ஒவ்வொன்றாகத்தான் சொல்வேன்.

எங்கள் கம்பெனி சின்னது. ஆபீஸ் மெட்ராஸில். மீன்பிடி விசைப்படகுகளுக்கு ஒரு கருவி செய்து விற்றார்கள். படகின் அடியில் ஒரு வட்டத் தகடு; அது தண்ணீருக்குள் டிக் டிக்கென்று சத்தம் அனுப்பும். சத்தம் கடல் தரையில் பட்டுத் திரும்பி வரும். வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து ஆழம் எவ்வளவு என்று கருவி கணக்குப் போட்டு, ஓடுகிற காகிதத்தில் ஒரு முள்ளால் கறுப்புக் கோடு கிழிக்கும். தரை ஒரு கோடு. நடுவே மீன் கூட்டம் இருந்தால் ஒரு திட்டு. முள் கிழிக்கும்போது காகிதம் லேசாகக் கருகும். கொட்டகை முழுக்க அந்தக் கருகல் வாசனைதான். இன்றைக்கும் யாராவது காகிதத்தைக் கொளுத்தினால் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது போல் இருக்கும்.

நான் தங்கியிருந்தது ஸ்ரீபெரும்புதூரில், ஒரு மாடி அறையில். அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேட்டவர் முகம் மாறிவிடும். "அந்த இடத்துக்குப் பக்கத்துலயா?" என்பார்கள். அதற்கு மேல் என்னைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நாடே பெரிய துக்கத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது என்னுடையதைக் கொண்டுபோய் யார் முன்னால் வைப்பது? வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொட்டகைக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு. பக்கத்து ஊர்க்காரர். காலையில் பூட்டைத் திறந்து "வந்துட்டியாமா" என்பார், சாயங்காலம் பூட்டும்போது "கிளம்பிட்டியாமா" என்பார். நடுவே வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டுத் தூங்குவார். மற்றபடி நாள் முழுக்க மனிதக் குரல் கிடையாது. ரோட்டில் அப்போது இன்றைக்குப் போல லாரி வரிசை இல்லை. எப்போதாவது செங்கல் ஏற்றிய டிராக்டர் போகும். நான் தொட்டியின் மேல் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் தொங்கவிடும் மைக்கை இறக்கி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். வேலைக்காக மாட்டியது பாதி, துணைக்காக மாட்டியது பாதி. தயிர்சாதம் சாப்பிடும்போதும் கழற்ற மாட்டேன். தண்ணீர் நல்ல துணை. பலகை முனகுவது, கூரையிலிருந்து பல்லி விழுவது, டிராக்டர் போகிற அதிர்வு, எல்லாம் அதில் கேட்கும். தொட்டிச் சுவரில் யாராவது வந்து சாய்ந்தால்கூடக் கேட்கும். ஆனால் யாரும் வந்து சாய்ந்ததில்லை.

ஆடி மாதம் பிரச்சினை வந்தது. காசிமேட்டிலிருந்து கருவிகள் திரும்பி வர ஆரம்பித்தன. புகார் எல்லாம் ஒன்றுதான். தனியாகப் போனால் மிசின் நன்றாக வேலை செய்கிறது. நாலைந்து படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் பின்னால் வருகிற படகின் மிசின் திடீரென்று குருடாகிவிடுகிறது. காகிதத்தின் மேல் பக்கம் ஒரே கறுப்பு, கீழே தரைக் கோட்டைக் காணோம். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். இங்கே தொட்டியில் போட்டுப் பார்த்தால் எல்லாக் கருவியும் ஒழுங்காக டிக் டிக்கென்று வேலை செய்யும். அந்த டிக் டிக்கைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரைப் பார்த்ததும் வலி நின்றுபோன நோயாளி மாதிரி நடிக்கிறதே என்று கருவியைத் திட்டினேன்.

ஒரு நாள் படகுக்காரர் ஒருவர் தன் கருவியைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். இரண்டு படகுகள் சொந்தமாக வைத்திருந்தார். ஒன்றைத் தானே ஓட்டுவார், இன்னொன்றைத் தம்பி ஓட்டுவான். கொட்டகைக்குள் வந்தவர் தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இதுலயா எங்க மிசின டெஸ்ட் பண்றீங்கோ?"

"ஆமாண்ணே."

ஏணியில் ஏறி, ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னாமா இது, குடிக்கிற தண்ணி! ஏரிக்கரையில ஒக்காந்துக்கினு கடலுக்கு மிசின் செஞ்சா அது எப்டிமா ஓடும்?"

எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் எங்கே இருந்தாலும் தண்ணீர்தான், சத்தம் எதில் வேண்டுமானாலும் போகும், உங்கள் படகில் கம்பி இணைப்பு சரியில்லை என்று கத்தினேன். அவரும் கத்தினார். வாட்ச்மேன் தூக்கம் கலைந்து எழுந்து வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மனிதரோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான், அதுவும் சண்டையாக. அவர் போன பிறகு கொட்டகை முன்னைவிட அமைதியாக இருந்தது. திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுப் போகமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

அடுத்த வாரம் மேனேஜர் வந்தார். மெட்ராஸிலிருந்து காரில் வருவார், இறங்கியதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். "ஆயுத பூஜை வரைக்கும் டைம் தரேன்மா. அதுக்குள்ள மெஷின்ல என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சா தொட்டிக்குப் பொட்டு வைக்கலாம். இல்லேன்னா பூட்டு போடலாம்" என்றார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகை மூடினால் வேலை போகும். வேலை போனால் நான் போக வேண்டிய இடம் ஆம்பூர்ப் பக்கம் இருக்கும் அண்ணன் வீடு. அண்ணியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பாய் இருந்தது, ஒரு தட்டு இருந்தது, மூன்றாவதாக எதுவும் இல்லை. "வந்துட்டியாமா" என்று கேட்கிற வாட்ச்மேனும் இந்தத் தொட்டியும் எனக்கு அதைவிடப் பெரிய வீடு.

கருவியில் கோளாறு இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அப்படியானால் கோளாறு தண்ணீரில். முன்னால் போகிற படகு தண்ணீருக்கு ஏதோ செய்கிறது. என்ன செய்யும்? அடியில் சுழல்கிற அதன் விசிறி தண்ணீரைக் கடைகிறது. கடைந்தால் காற்று கலக்கும், குமிழி வரும். படகு போன பின்னால் வெள்ளையாக ஒரு பாதை தெரியுமே, அது முழுக்கக் குமிழிதான். படத்தில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. பழைய மோட்டார் ஒன்றில் தண்டு பொருத்தி, நுனியில் சின்ன விசிறி மாட்டித் தொட்டிக்குள் சுழலவிட்டேன். குமிழிகள் பொங்கின. தரைக் கோடு மங்கியது. மோட்டாரை நிறுத்தினேன். குமிழிகள் குடுகுடுவென்று மேலே ஏறி உடைந்தன. நான் எழுந்து காகிதத்தைப் பார்ப்பதற்குள் கோடு பழையபடி வந்துவிட்டது.

இவ்வளவு சீக்கிரம் சரியாகிவிட்டால் காசிமேட்டுக்காரர்கள் ஏன் சத்தம் போடப் போகிறார்கள்? அங்கே முன்படகு தூரமாகப் போன பிறகும் மிசின் குருடாகவே இருக்கிறதே? ஒரு வாரம் மோட்டாரை மாற்றினேன், விசிறியை மாற்றினேன். மேனேஜருக்குப் போன் செய்து கருவி நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர்தான் தொந்தரவு என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு மதியம் தயிர்சாதத்தில் உப்புப் போட மறந்திருந்தேன். வாயில் வைத்ததும் அந்தப் படகுக்காரர் விரலை நக்கிப் பார்த்த முகம் ஞாபகம் வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கேளம்பாக்கம் உப்பளத்திலிருந்து ஒரு வேன் நிறைய கல் உப்பு வந்து இறங்கியது. வாட்ச்மேன் மூட்டைகளைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னாமா, தொட்டி நெறைய ஊறுகா போடப் போறியா?" பக்கத்துக் கொல்லைக்காரர் வேலி வழியாக எட்டிப் பார்த்து, கருவாட்டுக் கம்பெனி வருகிறதா என்று விசாரித்தார். அவரிடம் மட்டும் நான் நின்று பதில் சொன்னேன்: இந்தத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உங்கள் நிலத்துக்கு வராது, வேலை முடிந்ததும் லாரி வைத்து எடுத்துவிடுவோம் என்று. அவர் நம்பவில்லை. மறுநாளே வேலியோரம் மண்ணை அணைத்துக் கரை கட்டிவிட்டார்.

உப்புக் கரைந்து தண்ணீர் தெளிய இரண்டு மூன்று நாள் ஆனது. பிறகு மோட்டாரைப் போட்டேன். அதே மோட்டார், அதே விசிறி. ஆனால் இந்தத் தடவை தொட்டி பால் போல வெளுத்தது. காகிதத்தின் மேல் பக்கம் கறுப்பாக நிரம்பியது. கீழே தரைக் கோடு அறுந்தது. மோட்டாரை நிறுத்தினேன். பெரிய குமிழிகள் மேலே வந்து உடைந்தன. வெள்ளை கலையவில்லை. முள் கறுப்பாகவே கிழித்துக்கொண்டிருந்தது. பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு திரும்பி வர இவ்வளவு நேரம் எடுக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

காரணம் எளிது, தெரிந்த பிறகு எல்லாமே எளிதுதான். நல்ல தண்ணீரில் ஒரு குமிழி இன்னொன்றைத் தொட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்று சேரச் சேரப் பெரிதாகி, சட்டென்று மேலே ஏறி உடைந்துவிடும். உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டாலும் சேராது. தனித்தனியாக, கடுகைவிடப் பல மடங்கு சின்னதாக, மேலே ஏறவும் தெம்பில்லாமல் கீழேயே தங்கிவிடும். கண்ணுக்கு ஒவ்வொன்றாகத் தெரியாது. ஆனால் சத்தம் வந்து படும்போது ஒவ்வொன்றும் விரிந்து சுருங்கும். விரிந்து சுருங்குவதிலேயே வந்த சத்தத்தைப் பாதி விழுங்கிவிடும், மீதியை நாலா பக்கமும் சிதறடிக்கும். கருவியின் சத்தத்தைக் கூட்டினாலும் பலனில்லை. தனித்தனியாகக் கிடப்பவைதான் சத்தத்தை இப்படி விழுங்கும் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கொட்டகையில் யாரும் இல்லாததால் இரண்டையும் முழுசாகச் செய்து முடித்தேன்.

பிறகு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாட்ச்மேனை எழுப்பிச் சொன்னேன். "நல்லதுமா" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் போன் பூத்தில் நின்று அண்ணன் ஆபீஸுக்குப் போட்டேன். அவர் கிளம்பிவிட்டார் என்றார்கள். வீட்டில் போன் கிடையாது. அம்மா இருந்திருந்தால் அவளுக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் "அப்புறம்?" என்று கேட்டிருப்பாள். பூத்துக்காரப் பையன் வேறு யாருக்காவது போட வேண்டுமா என்று கேட்டான். என் பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றார்கள். எனக்கு வேறு ஒரு நம்பரும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னபோது அவர் நிதானமாகவே கேட்டார். "தொட்டியில உப்பக் கொட்டிட்டு நீ சொல்றத படகுக்காரன் எப்படிம்மா நம்புவான்? கடல்ல காட்டு" என்றார். அது நியாயமான பேச்சு. அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

கடல் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் என்னிடம் கத்திவிட்டுப் போனவர்தான். விசாரித்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். அவர் துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சண்டைக்குத் தயாராக எழுந்தார். நான் முதலில் தண்ணீரில் உப்புப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். முழுவதும் கேட்டார். "தண்ணில காத்து ரெண்டு நிமிசம் நிக்குமா? நீ சொல்றது எனக்கு நம்பிக்க இல்லமா. ஆனா பாத்துடலாம்" என்றார். படகில் நானும் வருகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பொம்பளைங்க போட்ல ஏறக் கூடாதும்மா."

"ஏன்?"

"ஏன்னா ஏறக் கூடாது."

நான் விடவில்லை. படித்த வாய் அல்லவா, நியாயம், காலம் என்று என்னென்னவோ பேசினேன். அவர் வலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். கடலு உன்னாண்ட சண்டைக்கு வராது, என்னாண்டதான் வரும்" என்றார். மாதக்கணக்காகக் குமிழியோடு குடித்தனம் நடத்தியவள் நான். படகின் பின்னால் நின்று அந்த வெள்ளைப் பாதையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வெறியாக இருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன். வலையைக் கீழே போட்டுவிட்டு, "நீ கல்லு மேல ஒக்காரு. நாங்க கடல்ல போறோம். உன் மைக்கத் தண்ணில வுடு. எங்க சத்தம் கேக்குதா இல்லியான்னு நீயே பாத்துக்க" என்றார்.

அப்படித்தான் நடந்தது. புரட்டாசி மாதம் ஒரு காலை, துறைமுகத்தின் கல் கரையில் பெரிய பாறாங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். மைக்கைத் தண்ணீரில் இறக்கினேன், ஹெட்போனை மாட்டினேன். அவர் தன் படகை எனக்கு நேரே, கொஞ்சம் தொலைவில், இன்ஜினை அணைத்து நிறுத்திவைத்துக்கொண்டார். படகின் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே இருப்பார். துறைமுகத்தில் ஆயிரம் சத்தம். அதனால் மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று என்று பேசி வைத்துக்கொண்டோம். என் கையில் ஒரு வெள்ளைத் துண்டு. கேட்கும்போது உயர்த்திப் பிடிக்க வேண்டும், கேட்காவிட்டால் இறக்க வேண்டும். எங்களுக்கு நடுவே தம்பியின் படகு இப்படியும் அப்படியும் சில தடவை போகும். போன பிறகு அதுவும் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் இன்ஜின் சத்தத்தில் தட்டு அமுங்கிவிட்டது என்று ஆகிவிடும்.

முதலில் தட்டு கணீரென்று கேட்டது. டங், டங், டங். பக்கத்து அறையில் யாரோ இருப்பது போல் அவ்வளவு கிட்டத்தில். துண்டை உயர்த்தினேன். தம்பியின் படகு நடுவே புகுந்தது, காது கிழிகிற இரைச்சல், திரும்பியது, மறுபடி புகுந்தது. பிறகு ஓரமாகப் போய் இன்ஜினை நிறுத்தியது. எனக்கும் அவருக்கும் நடுவே தண்ணீர் வெள்ளையாகக் கிடந்தது. அதுதான் நான் பார்க்க ஆசைப்பட்ட பாதை. கரையிலிருந்து பார்க்கச் சோப்புத் தண்ணீர் கொட்டியது போல் இருந்தது. ஹெட்போனில் கணீர் போய்விட்டது. மொத்தென்று ஒன்று கேட்டது, அதுவும் போனது. அப்புறம் ஒன்றுமே இல்லை. தூரத்தில் அவர் கை ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, காதில் வரவில்லை. துண்டை இறக்கினேன்.

அவர் பார்த்தார். தட்டுவதை நிறுத்துவார் என்று நினைத்தேன். கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு எதற்குத் தட்ட வேண்டும்? அவர் இன்னும் ஓங்கித் தட்டினார். எழுந்து நின்று, குனிந்து, இரண்டு கையாலும் தட்டினார். நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தும் ஒருவர் எனக்காகத் தட்டிக்கொண்டே இருக்கிறார். சோதனையா, சாட்சியா, எதுவும் மனதில் நிற்கவில்லை. வெள்ளை மெல்ல மெல்லக் கலைந்தது. முதலில் மொத்தென்று வந்தது, பிறகு கணீர் திரும்பியது. துண்டை உயர்த்தியபோது தூரத்தில் அவர் ஸ்பேனரைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

கரைக்கு வந்ததும் மூச்சு வாங்கக் கேட்டார்: "காதுல உழுந்துச்சா?"

"நடுவுல உழலைண்ணே."

"நான் நிறுத்தவே இல்லமா."

"பார்த்தேன்" என்றேன். வெள்ளை அவர் படகின் அடிவரை பரவியிருந்ததால், அவர் கருவியிலும் அதே நேரத்தில் காகிதம் கறுத்திருந்தது. அதைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். முன்படகின் தடத்தில் போகாமல் சற்று விலகி, காற்று வருகிற பக்கமாக ஓட்டினால் போதும் என்று சொன்னேன். "அவ்ளோதானா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. அவ்வளவுதான்.

மேனேஜரும் அதையேதான் கேட்டார், ஆனால் சந்தோஷமாக. கருவியில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுத்து மூலமாகக் காட்ட முடியும் என்பது அவருக்குப் பெரிய நிம்மதி. கருவியோடு கொடுக்கிற விளக்கப் புத்தகத்தில், முன்னால் செல்லும் படகின் தடத்தில் செல்ல வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். என் உழைப்பு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. ஆயுத பூஜையன்று தொட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்தார்கள். பிறகு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிரச்சினைதான் தீர்ந்துடுச்சேம்மா. இனிமே இந்தத் தொட்டி எதுக்கு?" என்றார். பொட்டும் வைத்தார், பூட்டும் போட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள்; நான் ஒரு வேன் உப்பையும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். மெட்ராஸ் ஆபீஸில் எனக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள எம்.எஸ்ஸி. தேவையில்லை.

கடைசி நாள் உப்புத் தண்ணீரை எடுக்க லாரி வர வேண்டும். கொல்லைக்காரருக்குக் கொடுத்த வாக்கில் நான் உறுதியாக இருந்ததால் மேனேஜர் வேண்டாவெறுப்பாக ஏற்பாடு செய்திருந்தார். லாரிக்காகக் காத்திருந்தேன். வாட்ச்மேன் பூட்டு வாங்க ஒரகடம் போயிருந்தார். வெளியே மழைக்கு முந்தின இறுக்கம். என் சாமான்களை ஒரு பையில் போட்டாகிவிட்டது. மைக்கையும் ஹெட்போனையும் மட்டும் எடுத்து வைக்க மனம் வரவில்லை. பலகையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கடைசியாக ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். தண்ணீரில் ஒன்றும் இல்லை. பல்லி இல்லை, டிராக்டர் இல்லை. நாளைக்கு அண்ணன் வீட்டில் போய்ப் பாயை விரிக்க வேண்டும். எனக்கு யாரும் இல்லை என்று அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். ஹெட்போனுக்குள் என் குரலே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

டங், டங், டங்.

கம்பி எங்கேயோ தளர்ந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஒரு நிறுத்தம். மறுபடி டங், டங், டங். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு கணீரென்று. கொட்டகை மூடப்போகிறது என்று படகுக்காரரிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்கிறார். வாசலில் நின்று கூப்பிட்டிருப்பார், எனக்குக் கேட்டிருக்காது. தரையில் கிடந்த ஏதோ ஒரு ஸ்பேனரை எடுத்துத் தொட்டிச் சுவரில் தட்டுகிறார்.

எனக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. முகம் அந்த நிலையில் இல்லை. பக்கத்தில் பலகை மேல் இருந்த பையில் அந்த வெள்ளைத் துண்டு கிடந்தது. திரும்பாமலே அதை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. நானும் துண்டை இறக்கவில்லை.